சேவை நாயோடு அமெரிக்கத் தீம் பார்க்குக்கும் மிருகக்காட்சி சாலைக்கும் போகிறீர்களா? வாசலில் கேட்பதும் நீங்கள் சொல்ல வேண்டியதும்

நுழைவாயிலில் நிற்கும் ஊழியர் சேவை நாயோடு வருபவரிடம் கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டுதான். உங்கள் குறைபாடு காரணமாகத் தேவைப்படும் சேவை நாயா இது? என்ன வேலை செய்ய இதைப் பழக்கியிருக்கிறது? டிஸ்னி, யூனிவர்சல் போன்ற பெரிய பூங்காக்களானாலும் ஊர் மிருகக்காட்சி சாலையானாலும், அருங்காட்சியகம், நீர் விளையாட்டுப் பூங்கா எதுவானாலும் அமெரிக்காவில் அளவுகோல் இதுவே. இந்த இரண்டுக்கும் திக்காமல் பதில் சொல்லப் பழகிக்கொண்டால் வாசலில் வரும் சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

கண் தெரியாத ஒருவரை நாய் வழிநடத்திக் கூட்டி வருகிறது, சக்கர நாற்காலியை இழுத்து வருகிறது என்று பார்த்தாலே புரிந்தால் அந்த இரண்டு கேள்விகளையும்கூடக் கேட்கக் கூடாது. என்ன நோய், எப்போதிலிருந்து, டாக்டர் சான்றிதழ் இருக்கிறதா, நாய்க்கு அடையாள அட்டை எங்கே, அந்த வேலையை இப்போது செய்துகாட்டச் சொல்லுங்கள் என்பவை எல்லாமே வரம்பு மீறியவை.

சட்டம் என்ன சொல்கிறது

1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை அங்கே எல்லோரும் ஏடிஏ என்றே சொல்வார்கள். தனியார் பூங்காக்கள் அதன் மூன்றாம் பிரிவில் வருகின்றன. நகராட்சியோ மாநில அரசோ நடத்தும் இடங்கள் இரண்டாம் பிரிவில் வருகின்றன. சேவை நாயைப் பொறுத்தவரை இரண்டிலும் விதி ஒன்றுதான். 2011 மார்ச் 15 முதல் நடப்பில் இருக்கும் வரையறைப்படி, குறைபாடு உள்ள ஒருவருக்காகக் குறிப்பிட்ட வேலையைச் செய்யப் பழக்கப்பட்ட நாய்தான் சேவை நாய். பூனை, கிளி, குரங்கு எதுவும் சேராது. தோள் உயரம் 24 முதல் 34 அங்குலம் வரை இருக்கும் மினியேச்சர் குதிரைக்கு மட்டும் தனி விதி உண்டு.

நாயை யார் பழக்கினார்கள் என்பது முக்கியமில்லை. பயிற்சி நிறுவனம் பழக்கியிருக்கலாம், வீட்டில் நீங்களே பழக்கியிருக்கலாம். சீருடை போன்ற மேலங்கி கட்டாயம் இல்லை. இனத்தைக் காரணம் காட்டி, 'பிட்புல் வேண்டாம்' என்று திருப்பி அனுப்பவும் முடியாது. நீங்கள் அமெரிக்கக் குடிமகனா, விசாவில் வந்தவரா என்பதை வைத்து இந்த உரிமை மாறுவதில்லை. பெற்றோரைப் பார்க்க வந்த பிள்ளைக்கும், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த தாத்தாவுக்கும் ஒன்றேதான்.

இணையத்தில் பணம் கட்டினால் 'பதிவு பெற்ற சேவை நாய்' என்று அட்டையும் சான்றிதழும் அனுப்பும் தளங்கள் ஏராளம். அவற்றுக்கு ஏடிஏவின் கீழ் எந்த மதிப்பும் இல்லை. ஏடிஏவை நடைமுறைப்படுத்தும் அமெரிக்க அரசின் நீதித்துறை (Department of Justice) அவற்றை ஏற்பதும் இல்லை. தயவுசெய்து அந்த அட்டையை வாங்காதீர்கள். பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். நீங்கள் அட்டையை எடுத்து நீட்டும் ஒவ்வொரு முறையும், சேவை நாய் என்றால் அட்டை இருக்கும் என்ற எண்ணம் அந்த ஊழியர் மனதில் பதிகிறது. அட்டை இல்லாமல் அடுத்து வரும் கண் தெரியாதவர் அதற்கு விலை கொடுக்கிறார்.

பிறகு ஊழியர்கள் ஏன் காகிதம் கேட்கிறார்கள்? மூன்று சட்டங்களைக் குழப்பிக்கொள்வதால்தான். விமானத்தில் சேவை நாயை ஏற்ற விமான நிறுவனம் போக்குவரத்துத் துறையின் படிவத்தைக் கேட்கலாம். அது வேறு சட்டம். வாடகை வீட்டில் மன ஆறுதல் நாய் வைத்திருக்க மருத்துவர் கடிதம் கேட்கலாம். அது வீட்டுவசதிச் சட்டம். பூங்கா வாசலில் இந்த இரண்டுக்கும் இடமில்லை. "அது விமானத்துக்கு உள்ள விதி, இங்கே ஏடிஏ" என்று தன்மையாகச் சொன்னாலே பலர் புரிந்துகொள்வார்கள்.

அரசு கேட்கலாம் என்று ஒன்று மட்டும் இருக்கிறது. எல்லா நாய்க்கும் உள்ளூரில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் நாய் உரிமமும் கட்டாயம் என்றால், உங்கள் நாய்க்கும் அது பொருந்தும். அந்த வில்லையைக் கழுத்துப்பட்டியில் மாட்டி வையுங்கள்.

இரண்டாம் கேள்விக்குப் பதில் தயாரிப்பது

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நோயைச் சொல்லத் தேவையில்லை. நாய் செய்யும் செயலைச் சொல்ல வேண்டும். "எனக்கு மனப்பதற்றம் உண்டு, இவன் பக்கத்தில் இருந்தால் தைரியமாக இருக்கும்" என்று சொன்னால், நாய் நன்றாகப் பழக்கப்பட்டதாக இருந்தாலும் நீங்களே அதை மன ஆறுதல் நாய் ஆக்கிவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பது மட்டும் பழக்கிய வேலை ஆகாது. மன ஆறுதல் நாய்க்கு ஏடிஏவில் நுழைவு உரிமை கிடையாது. அதே நாயைப் பற்றி இப்படிச் சொல்லுங்கள்: "பதற்றம் தொடங்கும்போது முன்னங்காலால் என் முழங்காலைத் தட்டி எச்சரிக்கும். நான் உட்கார்ந்ததும் மடியில் சாய்ந்து அழுத்தம் கொடுக்கும்." இது வேலை. மனநோய்க்கான சேவை நாய்க்கு, கண் தெரியாதவரின் வழிகாட்டி நாய்க்கு உள்ள அதே உரிமை உண்டு.

இன்னும் சில பதில்கள்: "ரத்தச் சர்க்கரை இறங்கும்போது மூச்சின் வாசனையை வைத்து எச்சரிக்கும்." "வலிப்பு வந்தால் பக்கத்திலேயே நின்று, என் தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்ளும்." "பின்னால் கூப்பிடும் சத்தம், அலாரம் எல்லாவற்றையும் எனக்குத் தட்டித் தெரியப்படுத்தும்." "கீழே விழும் பொருளை எடுத்துக் கொடுக்கும்." ஒரு வாக்கியம் போதும், அதிகம் போனால் இரண்டு. ஆங்கிலத்தில் வீட்டிலேயே நாலைந்து முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலம் வராத பெரியவர் என்றால் கூட வருபவர் சொல்லலாம். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கான நாயாக இருந்தால், வார் பெற்றோர் கையில் இருக்கலாம், பதிலையும் அவர்களே சொல்லலாம்.

பயிற்சி முடியாத நாய்க்கு ஏடிஏ பொருந்தாது. சில மாநிலச் சட்டங்கள் அதற்கும் இடம் தருகின்றன. ஃபுளோரிடா பயிற்சியாளருக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. நாய் இன்னும் பயிற்சியில் இருந்தால் போகிற மாநிலத்தின் சட்டத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

சேவை நாய் இல்லாததைச் சேவை நாய் என்று சொல்லி நுழைவது பல மாநிலங்களில் குற்றம். ஃபுளோரிடாவில் அது இரண்டாம் நிலைக் குற்றம். அதோடு 30 மணி நேரச் சமூக சேவையும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1,000 டாலர் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம். வீட்டு நாயைக் கூட்டிப்போக இந்த வழியை யோசிப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பழக்காத ஒரு நாய் கூட்டத்தில் குரைத்துப் பாய்ந்தால், அடுத்த பத்து சேவை நாய்களை வாசலில் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

புறப்படும் முன்

முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வாரம் முன்பே பூங்காவின் கெஸ்ட் சர்வீசஸ் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. அனுமதி கேட்டு எழுதாதீர்கள். தகவல் கேட்டு எழுதுங்கள். நாய் ஏற முடியாத ரைடுகள் எவை, நாய் போக முடியாத பகுதிகள் எவை, நாய் சிறுநீர் கழிக்க ஒதுக்கிய இடங்கள் வரைபடத்தில் எங்கே, ரைடு பக்கத்தில் நாயை வைக்கக் கூண்டு கொடுப்பார்களா என்று நாலு கேள்விகள் போதும். எழுத்தில் பதில் வந்தால், வாசலில் வேறு யாராவது வேறு மாதிரி பேசும்போது காட்ட உதவும்.

நாய்க்குத் தனிக் கட்டணம், வைப்புத்தொகை எதுவும் வாங்கக் கூடாது. மற்ற விருந்தினரிடம் சேதத்துக்குக் காசு வாங்கும் வழக்கம் இருந்தால், நாய் செய்த சேதத்துக்கு உங்களிடமும் வாங்கலாம். செல்ல நாய்களை விட்டுப்போகும் கூடம் பூங்காவில் இருக்கிறது என்பதற்காகச் சேவை நாயை அங்கே விடும்படி வற்புறுத்த முடியாது.

ரைடுகள்

வேகமாகச் சுழலும் ரைடிலும் ரோலர் கோஸ்டரிலும் நாயை ஏற்ற முடியாது என்றால் அது நியாயமான மறுப்பு. நாயைப் பிடித்து வைக்கும் பெல்ட்டோ கம்பியோ அங்கே இல்லை. பாதுகாப்பு விதி உண்மையான ஆபத்தை வைத்து இருக்க வேண்டும், ஊகத்தை வைத்து இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். ஆகவே "எந்த ரைடிலும் நாய் கூடாது" என்று மொத்தமாகச் சொன்னால், மெதுவாகப் போகும் படகும் ரயிலும் ஏன் கூடாது என்று கேளுங்கள், ரைடு வாரியான பட்டியலைக் கேளுங்கள்.

மெதுவான ரைடில் ஏறும்போது, கால் நீட்ட இடம் அதிகம் உள்ள வரிசையைக் கேட்டு வாங்குங்கள். முதலில் நீங்கள் ஏறி உட்காருங்கள், பிறகு நாயை ஏறச் சொல்லுங்கள், கால்களுக்கு நடுவே தரையில் படுக்க வையுங்கள். இருக்கையிலோ மடியிலோ வேண்டாம். கம்பி கீழே இறங்கும் முன் வாலையும் பாதங்களையும் ஒருமுறை கையால் தடவிப் பாருங்கள்; வண்டியின் ஓரத்துக்கும் மேடைக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் வால் நுனி தொங்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது. வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், வண்டியின் எந்தப் பாகத்திலும் கட்டவும் வேண்டாம். இறங்கும்போது நாய் முதலில் தாவாமல், நீங்கள் இறங்கி நின்ற பிறகு கூப்பிட்டு வரட்டும்.

நாய் ஏற முடியாத ரைடுக்கு வழி, மாறி மாறி ஏறுவது. ஒரு பெரியவர் நாயோடு நிற்பார், மற்றவர் போய் வருவார். பிறகு இரண்டாமவர் மறுபடி வரிசையில் நிற்காமல் ஏறலாம். பெரிய பூங்காக்களில் இதற்கு ஏற்பாடு உண்டு, ரைடு வாசலில் கேட்டால் சொல்வார்கள். ஊழியர் நாயைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, கேட்டும் பயனில்லை. தனியாக வருபவருக்குத்தான் இதில் உண்மையான சிரமம். சில பூங்காக்கள் ரைடு அருகே கூண்டு தருகின்றன. ஆனால் புதிய கூண்டில், புதிய இடத்தில், நீங்கள் கண்ணில் படாமல் போனதும் குரைக்கத் தொடங்கும் நாய் அடக்கத்தில் இல்லை என்றாகிவிடும். அதனால் வீட்டிலேயே, பிறகு நண்பர் வீட்டில், பிறகு சத்தமுள்ள இடத்தில் என்று படிப்படியாகக் கூண்டுப் பழக்கம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மிருகக்காட்சி சாலை

சேவை நாய்க்கு உண்மையான எல்லை வரும் இடம் இதுதான். காட்சியில் இருக்கும் விலங்குக்கு நாய் இரையாகவோ, நாய்க்கு அந்த விலங்கு இரையாகவோ இருந்து, நாயைக் கண்டதும் அது ஆக்ரோஷம் கொண்டாலோ கலவரப்பட்டாலோ, அந்தப் பகுதிக்கு மட்டும் நாயைத் தடுக்கலாம். நடுவில் தடுப்பு இல்லாமல் பறவைகளுக்குள்ளும் கங்காருக்களுக்குள்ளும் நடந்து போகும் பகுதிகளில் இது அடிக்கடி வரும். ஆனால் இதைச் சாக்காக வைத்து மிருகக்காட்சி சாலை முழுவதையும் மூட முடியாது. பாதைகள், உணவகம், கடை, மற்ற கூடங்கள் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் புலியை நாய் எப்படிப் பார்க்கிறது என்பதைவிட, புலி நாயை எப்படிப் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். நடந்துகொண்டிருந்த விலங்கு நின்று, தலையைத் தாழ்த்தி, கண் இமைக்காமல் நாயையே பார்த்தால், அல்லது காதை மடக்கிக் கூண்டோரம் வேகமாக அலைந்தால், ஊழியர் வந்து சொல்லும்வரை நிற்காதீர்கள். நாயை உங்கள் மறுபக்கம் மாற்றி நடக்கத் தொடங்குங்கள். அந்த விலங்கின் நிம்மதியும் நாம் மதிக்க வேண்டியதே. நாயோடு நிற்பவரும் உள்ளே போய் வருபவரும் மாறிக்கொள்வது இங்கேயும் வழிதான்.

நீர் விளையாட்டுப் பூங்காவில் குளத்து ஓரம் வரை நாய்க்கு இடம் உண்டு. பொதுச் சுகாதார விதி தடுத்தால் தண்ணீருக்குள் விட வேண்டியதில்லை. உணவகத்தில் பஃபே வரிசையில் நாயோடு நிற்கலாம். ஆனால் நாயை நாற்காலியில் உட்காரவைத்து மேசையில் ஊட்ட விடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. காட்சி அரங்கில் 'நாய்க்காரர்கள் எல்லாம் அந்த மூலையில்' என்று தனியே ஒதுக்குவது தவறு.

கோயிலுக்கு வந்தால் கணக்கு மாறும். மத அமைப்புகள் நடத்தும் இடங்களுக்கு ஏடிஏவின் மூன்றாம் பிரிவு பொருந்தாது. பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலோ, ஹூஸ்டன் பக்கம் பியர்லாந்தில் இருக்கும் மீனாட்சி கோயிலோ பயணத்தில் இருந்தால், முதல் நாளே கோயில் அலுவலகத்தைக் கூப்பிட்டுப் பேசி வையுங்கள். தேசியப் பூங்காக்கள் மத்திய அரசுடையவை. அங்கே ஏடிஏவுக்குப் பதில் 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் 504-ஆம் பிரிவு வேலை செய்கிறது.

உள்ளே இருக்கும்போது

வார், ஹார்னஸ், சங்கிலி ஏதாவது ஒன்றில் நாய் கட்டுப்பட்டிருக்க வேண்டும். குறைபாடு காரணமாக வாரைப் பிடிக்க முடியாவிட்டாலோ, வார் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தாலோ, குரலாலோ சைகையாலோ அடக்கி வைத்தால் போதும். சக்கர நாற்காலியில் இருப்பவர், விழுந்த பொருளை எடுத்துவர நாயை நீளமான வாரில் விடலாம். சர்க்கரையை மோப்பம் பிடிக்கும் சிறிய நாயை முகத்துக்குப் பக்கத்தில் மார்புப் பையில் தூக்கிச் செல்லலாம்.

வெளியே போகச் சொல்ல இரண்டு காரணங்கள்தான் பொதுவாகச் செல்லும். நாய் அடக்கத்தில் இல்லாமல், நீங்களும் அதைச் சரிசெய்யாமல் இருப்பது ஒன்று. பழக்கம் இல்லாமல் உள்ளே மலசலம் கழிப்பது இன்னொன்று. ஒரே ஒரு முறை குரைத்ததும், யாரோ வாலை மிதித்ததால் குரைத்ததும் அடக்கமின்மை ஆகாது. பக்கத்தில் இருப்பவருக்கு நாய் ஒவ்வாமை, நாயைக் கண்டால் பயம் என்பவையும் காரணம் ஆகாது. இருவரையும் தள்ளித் தள்ளி உட்காரவைப்பதுதான் பூங்காவின் வேலை. நாயை வெளியே அனுப்பினாலும், நாய் இல்லாமல் நீங்கள் உள்ளே இருக்க வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும்.

ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ வெயிலில் நாயின் பாதம்தான் முதலில் அடிபடும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாத தரையில் நாயும் நடக்கக் கூடாது. காலுறை போடுவதானால் சில வாரம் முன்பே பழக்குங்கள். புதிதாகப் போட்டால் காலைத் தூக்கித் தூக்கி நடக்கும், வேலையில் கவனம் போய்விடும். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர். 30 கிலோ லாப்ரடாருக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் 1.8 லிட்டர், வெயிலில் இன்னும் கூடுதல். மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, ஈறு கடுஞ்சிவப்பாகி, கால் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீரால் உடம்பை நனைத்துக்கொண்டே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாலையில் வாணவேடிக்கை இருந்தால், வெடிச் சத்தத்துக்குப் பழகாத நாயோடு அதற்கு முன்பே கிளம்பிவிடுங்கள். வாசலுக்குள் நுழையும் முன்பும், சாப்பாட்டுக்குப் பிறகும் ஒதுக்கிய இடத்தில் நாயை விட மறக்க வேண்டாம். கழிவை எடுக்கப் பை நாலைந்து பாக்கெட்டில் இருக்கட்டும்.

தடுத்தால்

வாசல் ஊழியரோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். குரலை உயர்த்தினால் நாயும் பதறும், அதுவே அவர்களுக்குக் காரணம் ஆகிவிடும். "இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டேன், சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக நில்லுங்கள். ஏடிஏ பற்றிய கேள்விகளுக்கு நீதித்துறையின் இலவசத் தொலைபேசி 800-514-0301 இருக்கிறது. அலுவலக நேரத்தில் அதில் பேசி விதியைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம்.

அப்படியும் விடவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து எழுதி வையுங்கள்: தேதி, நேரம், எந்த வாசல், பெயர்வில்லையில் இருந்த பெயர், கேட்ட கேள்வி, நீங்கள் சொன்ன பதில், அவர்கள் சொன்ன காரணம். காரணத்தை உங்கள் சொல்லில் சுருக்காமல், அவர்கள் சொன்ன ஆங்கில வார்த்தைகளிலேயே எழுதுங்கள். டிக்கெட்டைப் படம் எடுத்து வையுங்கள், கூட இருந்தவர்களின் தொடர்பு எண்ணை வாங்குங்கள். நீதித்துறையின் குடிமை உரிமைகள் பிரிவில் (Civil Rights Division) இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நகராட்சி, மாநில அரசு நடத்தும் இடமென்றால் 180 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். தனியார் பூங்கா மீது நீங்களே வழக்குப் போடலாம். ஆனால் மத்தியச் சட்டத்தில் உங்களுக்கு நஷ்டஈடு கிடைக்காது. இனி அப்படிச் செய்யாதே என்ற உத்தரவும் வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்கும். கலிஃபோர்னியாவில் அன்ரூ என்ற மாநிலக் குடிமை உரிமைச் சட்டத்தின்படி ஒரு சம்பவத்துக்குக் குறைந்தது 4,000 டாலர் கேட்கலாம். ஃபுளோரிடாவில் சேவை நாய்க்கு நுழைவை மறுப்பதே குற்றம் என்பதால், அங்கே காவல்துறையைக் கூப்பிடவும் வழி இருக்கிறது.